சிஸ்டம் அக்கா

திங்கட்கிழமை காலையில் எங்கள் ஆபீசுக்குள் நுழைகிறவர்கள் முதலில் வாசலில் செருப்பைக் கழற்றுவார்கள். அப்புறம் கம்ப்யூட்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அதற்கப்புறம் அவளைத் திட்டுவார்கள், அதுவும் வாய்க்குள்தான். சத்தமாகத் திட்டுகிற தைரியம் எங்கள் மேனேஜருக்கே கிடையாது.

அவள் பேரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் இப்போது இருக்கிற இடத்திலிருந்து போன் பண்ணி, "என்னக் கேக்காம எதுக்கு எழுதின?" என்று ஆரம்பித்து என் ஏழு தலைமுறையையும் இழுப்பாள். எங்களுக்கு அவள் சிஸ்டம் அக்கா. எவ்வளவு பெரிய ஆள் வந்தாலும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. பிடிக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள், அவ்வளவுதான்.

திருப்பதியில் பைபாஸ் பக்கம் ஒரு கட்டடத்தின் மாடி. வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் நோயாளி விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது எங்கள் வேலை. நாங்கள் பெரும்பாலும் பெண்கள். நான் விஜயபுரம் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வருவேன். என் பக்கத்து சீட் செல்விக்கு வடமாலபேட்டை. யார் எத்தனை மணிக்கு லாகின் பண்ணினார்கள், எப்போது திரை பூட்டிக்கொண்டது, எப்போது வெளியே போனார்கள் என்பதெல்லாம் தானாகவே அக்காவின் மிஷினில் போய்ச் சேரும். அவள் அதை வாரம் முழுக்கச் சேர்த்து வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை காலையில் தண்ணீர் கேன் பக்கத்தில் நின்று சத்தமாக வாசிப்பாள்.

முதலில் தன்னுடையதைத்தான் வாசிப்பாள். அதுதான் அவளிடம் எல்லோரையும் வாயடைக்க வைத்த விஷயம்.

"புதன்கிழமை நான் லேட்டு. ஸ்கூட்டி பஞ்சர்னு சொன்னா நீங்க நம்புவீங்க. நெசம் இன்னான்னா, அலாரத்த அமுத்திட்டுத் திரும்பிப் படுத்துக்கினேன்."

எல்லோரும் சிரிப்போம். சிரித்து முடிப்பதற்குள் அடுத்த பெயர் வந்துவிடும். அது உங்களுடையதாக இருந்தால் சிரிப்பு அப்படியே நின்றுவிடும்.

ஆனால் பெயரை வாசித்ததோடு விட மாட்டாள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, "மிஷின் பொய் சொல்லாது. ஆனா முழுசாவும் சொல்லாது. மீதிய நீ சொல்லு" என்பாள். நாம் சொல்லும் காரணத்தை அந்த நேரத்துக்குப் பக்கத்தில் அப்படியே தட்டச்சு செய்வாள். சொல்கிற காரணத்தைச் சும்மா நம்பியும் விட மாட்டாள். ஒரு நாள் நான் பஸ் வழியில் நின்றுபோனது என்று சொன்னேன். என் கண் முன்னாலேயே போனை எடுத்து எங்கள் ரூட் கண்டக்டரைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, வெள்ளிக்கெழம காலைல வண்டி எங்கனா நின்னுதா? ... அவுனா, அப்டியா? டயரா? சரி, சரி, வீட்ல எல்லாரும் நல்லாகீறாங்களா?"

கண்டக்டர் நம்பர் இவளுக்கு எப்படிக் கிடைத்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. போனை வைத்துவிட்டு, "டயர்தான். நீ சொன்னது சரி" என்று எனக்கே சொல்லுகிறாள்! பஸ்ஸில் உட்கார்ந்திருந்தது நான், அம்மா தாயே. எரிச்சல் வந்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது. "டிரைவரையும் ஒரு தடவ கேட்டுடுக்கா, சந்தேகம் வேணாம்" என்றேன். "அவரு வண்டி ஓட்டறப்ப போன எடுக்க மாட்டாரு" என்றாள், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

அவளுக்கு ஊர் ராமகுப்பம் பக்கம். வீட்டில் பட்டுப்புழு வளர்த்தார்கள் என்பது தவிர வேறு கதை எதுவும் அவள் சொன்னதில்லை. அதையும் எங்களைத் திட்டுவதற்குத்தான் பயன்படுத்தினாள். "எங்க ஊட்ல புழுகூட டைமுக்குத் துன்னுது. அதுக்கு வாட்ச் கெடையாது, மூளை கெடையாது. உங்களுக்கு ரெண்டும் கீது" என்பாள். தலை நிறையக் கனகாம்பரம், மேலே ஒரு கம்பளிச் சால்வை. சர்வர் ரூம் ஏசி குளிருக்காக அந்தச் சால்வை. வெளியே திருப்பதி வெயில் மண்டையைப் பிளக்கும்போதும் அதைக் கழற்ற மாட்டாள். அதைப் போட்டிருந்தால்தான் சிஸ்டம் பார்க்கிறவள் என்று பார்த்தவுடன் தெரியுமாம். "இந்த ஊர்ல என்ன மாதிரி சிஸ்டம் பாக்கறவ இன்னொருத்திய காட்டு, நான் வேலைய உட்டுடறேன்" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிவிடுவாள். அடக்கம் என்ற சாமான் அவள் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

எங்கள் மேனேஜர் மெட்ராஸ்காரர். கெட்டவர் இல்லை, பயந்த ஆள். ஒரு வாரம் அவரே இரண்டு நாள் தாமதமாக வந்துவிட்டார். அந்த வாரம் மேலிடத்திலிருந்து யாரோ வந்து எல்லோருடைய நேரத்தையும் பார்க்கப் போவதாகச் செய்தி. அவர் ஒரு லட்டை இலையில் சுற்றி எடுத்துக்கொண்டு அக்காவின் மேஜைக்கே வந்தார்.

"மலைக்குப் போயிட்டு வந்தேன்மா. பிரசாதம்."

அவள் எழுந்து நின்று, இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, அங்கேயே பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். எங்களுக்கும் ஆளுக்கொரு விள்ளல் கொடுத்தாள்.

"அந்த ரெண்டு நாள் டைமிங் மட்டும்..." என்று அவர் இழுத்தார்.

"எழுதிட்டேன் சார். 'பெருமாள் தரிசனம், அதனால் தாமதம்' அப்படின்னு. பெரிய ஆளுங்க படிச்சா கன்னத்துல போட்டுக்குவாங்க."

"நேரத்த மாத்த முடியாதா?"

"முடியும் சார். ஒரு நிமிஷ வேல. அதனாலதான் செய்யறதில்ல."

அவர் காலி இலையைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டார். அப்புறம் போய்விட்டார். லட்டு நன்றாக இருந்தது.

இப்படி எழுதிக்கொண்டே போனால் அவள் ஏதோ கல் நெஞ்சுக்காரி என்று தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் குழந்தை பிறந்து மறுபடியும் வேலைக்கு வந்த சமயம் அது. மத்தியானம் ஆனால் மார்பு கட்டிக்கொள்ளும். வலி உயிரை எடுக்கும். பாத்ரூமில் போய் நின்று பாலைப் பிழிந்து கொட்டிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வருவேன். பிள்ளை வீட்டில் புட்டிப்பால் குடித்துக்கொண்டிருக்க, இங்கே சாக்கடையில் பால். அந்த ஆத்திரத்தில் யார் பேசினாலும் கடித்துக் குதறிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஒரு நாள் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"தெனம் மத்தியானம் உன் மிஷின் பூட்டிக்கினே கெடக்குது. எங்க போற?"

"பூட்டினா பூட்டிக்கட்டும். உனக்கு இன்னா வந்துது?" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் வர்ல. ரிப்போர்ட்ல அந்த எடம் வெறுமனே கீது. வெறுமனே உட்டா, பாக்கறவன் அவன் இஷ்டத்துக்கு ரொப்பிக்குவான். தூங்கறா, போன் பேசறா, ஊர் சுத்தறான்னு. அவன் ரொப்பறதுக்கு முன்ன நீ ரொப்பு."

சொன்னேன். அவள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "த்சு" என்று ஒரு சத்தம் மட்டும். மறுநாள் நான் வந்தபோது பேட்டரிகள் வைத்திருந்த சின்ன அறையில் பாதியை ஒழித்து, ஒரு நாற்காலி போட்டு, கதவுக்கு உள்தாழ்ப்பாள் வைத்திருந்தாள். சாவியை என் கையில் திணித்தாள். வாரக் கடைசி ரிப்போர்ட்டில் என் பெயருக்கு எதிரே "தாய்ப்பால் நேரம்" என்று எழுதி மேனேஜருக்கு அனுப்பினாள். அவர் அதைப் படித்துவிட்டு, காது சிவக்க, ஒரு வாரம் என் பக்கமே வரவில்லை. நான் பாலைப் பாட்டிலில் பிடித்து, ஐஸ் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அன்றிலிருந்து அவளை யாராவது ஒரு வார்த்தை சொன்னால் நான் சண்டைக்குப் போவேன்.

இனிமேல் சொல்லப்போவது புரட்டாசி மாதத்துக் கதை.

எங்கள் மாடியில் எல்லோருடைய திரையிலும் பெருமாள்தான். காலையில் அவர் முகத்தைப் பார்த்துத்தான் பாஸ்வேர்ட் போடுவோம். பத்து நிமிஷம் யாரும் தொடாமல் இருந்தால் திரை தானாகப் பூட்டிக்கொண்டு கறுப்பாகிவிடும். அது ரூல். யாருடைய லாகினையும் இன்னொருவர் தொடக்கூடாது என்பதற்காக, வேலை கொடுக்கிற வெளிநாட்டுக்காரன் போட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் கிளம்பும்போது இந்தக் கறுப்பு எங்களுக்கு மனதை என்னவோ செய்யும். அதிலும் புரட்டாசி, மறுநாள் பெருமாளுக்குத் தளிகை போடுகிற சனிக்கிழமை. வீட்டில் விளக்கை ஊதி அணைக்காத நாளில் ஆபீசில் சாமி முகத்தை அணைத்துவிட்டு வருவதா? செல்விதான் அக்காவிடம் முதலில் கேட்டாள். நாங்கள் ஒரு வரிசை முழுக்க அவள் பின்னால் நின்றோம்.

அக்கா சிரித்தாள். "மலை மேல அத்தன விளக்கு எரியுது. உன் மானிட்டர் வெளிச்சத்துலதான் அவரு உக்காந்துக்கினு கீறாரா?"

செல்வி சிரிக்கவில்லை. அவளைப் பெற்ற நைனா மாட்டுக்கொட்டகைக் கூரையிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து படுத்த படுக்கை. வீட்டில் அடுப்பு எரிவது இவள் சம்பளத்தில். இந்த வேலை அவளுக்குக் கிடைத்ததும் போன புரட்டாசி சனிக்கிழமையில்தான். "அவரு குடுத்த வேலக்கா. அவரு மொகத்துல இருட்ட போட்டுட்டு பஸ் ஏற எனக்கு மனசு வர்ல" என்றாள்.

அக்கா சால்வை நுனியைத் திருகினாள். சனிக்கிழமை மாடியே லீவு, கீழே பூட்டு, யாரும் வர மாட்டார்கள். "புரட்டாசி மட்டும். வெள்ளி சாயந்திரமும் சனிக்கெழமையும் மட்டும். உங்க வரிசைக்கு மட்டும்" என்று சொல்லிவிட்டு, கீபோர்டில் தட்டித் தட்டி, திரை தானாகப் பூட்டிக்கொள்வதை எடுத்துவிட்டாள். அவள் யாருக்காகவும் ரூலை வளைத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். எங்களுக்கு ஒரே சந்தோஷம். அன்று சாயங்காலம் மாடியில் எல்லா விளக்கையும் அணைத்த பிறகும் எங்கள் வரிசையில் மட்டும் பெருமாள் பளிச்சென்று நின்றுகொண்டிருந்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டு கிளம்பினோம்.

இரண்டு வாரம் ஒன்றும் இல்லை. மூன்றாவது வாரம் வேலை தேங்கிப்போய், மேனேஜர் சனிக்கிழமை கொஞ்சம் பேரை வெளியிலிருந்து வரவழைத்து உட்கார வைத்துவிட்டார். அக்காவுக்குச் சொல்லவில்லை. வந்தவர்களில் ஒருத்தன் செல்வியின் திறந்த திரையில் உட்கார்ந்து, நோயாளிகளின் பேரையும் போன் நம்பரையும் மொத்தமாக யாருக்கோ வெளியே அனுப்பிவிட்டான். செல்வி அந்த நேரத்தில் வடமாலபேட்டையில் தளிகைக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை விஷயம் வெடித்தது. கேமராவில் அந்த ஆளின் முகம் நன்றாகத் தெரிந்தது. அவனை அன்றைக்கே துரத்திவிட்டார்கள். ஆனால் வெளிநாட்டுக்காரன் அதோடு விடவில்லை. எந்த லாகின் திறந்து கிடந்ததோ அதற்குப் பொறுப்பான ஆளும் வெளியே போக வேண்டும், பேரை அனுப்பு என்று கேட்டான். மேனேஜர் செல்வியைக் கூப்பிட்டார். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே போனேன்.

"நீ பண்ணலன்னு எனக்குத் தெரியும்மா" என்றார் மேனேஜர். அவர் குரலும் நன்றாக இல்லை. "ஆனா லாகின் உன்னோடது. தெறந்து வச்சுட்டுப் போனது நீ. அவன் ஒரு பேர் கேக்கறான். நான் என்ன பண்ணட்டும்?"

நான் ஏதோ கத்தத் தயாரானேன். அதற்குள் கதவைத் தட்டாமலே அக்கா உள்ளே வந்தாள், லேப்டாப்பைத் திறந்த வாக்கில் தூக்கிக்கொண்டு.

"பேர நான் குடுக்கறேன் சார்" என்று அதை மேஜை மேல் அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள். "திரை தானா பூட்டிக்கணும். இந்தப் பொண்ணு எழுந்து போனாலும் பத்து நிமிஷத்துல பூட்டியிருக்கணும். பூட்டல. ஏன்னா அத எடுத்தது நான். இந்தாங்க, எடுத்த நாளு. இது என் லாகின்."

மேனேஜர் திரையைப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். குரலை இறக்கிக்கொண்டார்.

"இத யாரு பாக்கப்போறா? சிஸ்டத்துல கோளாறு, பூட்டு தானா கழண்டுபோச்சுன்னு எழுதிடலாம். நீயும் இருப்ப, அவளும் இருப்பா. நீ மாத்தினா எவனாலயும் கண்டுபுடிக்க முடியாது."

"அது நெசம்தான் சார், முடியாது" என்றாள் அக்கா. அந்த நேரத்திலும் அதில் அவளுக்கு ஒரு பெருமை! "ஆனா பூட்டு தானா கழண்டுக்குதுன்னு எழுதினா அவன் இன்னா பண்ணுவான்? ஓட்ட சிஸ்டம்னு வேலைய எடுத்துக்கினு வேற ஊருக்குப் போவான். இந்த மாடியில கீற அத்தன பொண்ணுங்களும் கீழ எறங்கணும்."

"உன் வேல போயிடும்மா!"

"போவும். எனக்குக் கஷ்டமாத்தான் கீது. சனிக்கெழம ஆளுங்கள வர வெச்சத நீங்க எனக்குச் சொல்லல. அதையும் எழுதத்தான் போறேன் சார். என்னுத எழுதி முடிச்ச அப்பறம்."

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். செல்வி அப்போதுதான் விம்மி அழுதாள்.

அன்று சாயங்காலமே பதில் வந்துவிட்டது. செல்விக்கு எச்சரிக்கை, மேனேஜருக்குக் கண்டனம், அக்காவுக்குக் கடைசி நாள். வெளியே போகிறவர்களின் லாகினை உடனே மூடிவிட வேண்டும், அதுவும் ரூல். மேனேஜர் அவள் மேஜைக்கு வந்து நின்று, எப்படிக் கேட்பது என்று தெரியாமல் தொண்டையைக் கனைத்தார்.

"உன்னோடத... யாரு மூடறது?"

"நான்தான். வேற யாருக்குத் தெரியும்?" என்றாள். "எத்தினியோ பேர இங்கேர்ந்து வெளிய தள்ளியிருக்கேன். என்னத் தள்ளறதுக்கு வெளியூர்லேர்ந்து ஆள் வரணுமா?"

நாங்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றோம். முதலில் எங்கள் வரிசைக்குப் பூட்டைத் திரும்பப் போட்டாள். அப்புறம் சிஸ்டம் முழுக்கத் திறக்கிற பொது பாஸ்வேர்டில் உள்ளே போய், தன் பெயரைத் தேடி, மூடினாள். பொது பாஸ்வேர்டையும் மேனேஜரையே புதிதாகப் போட வைத்தாள். அவர் தட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எழுந்திருப்பாள் என்று நினைத்தோம். எழுந்திருக்கவில்லை. தன் பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டு உள்ளே போகப் பார்த்தாள். திரை மறுத்தது. மறுபடியும் போட்டாள். மறுபடியும் மறுத்தது.

"பாருங்கடி, என்னையே உள்ள உடல! எப்டி பூட்டியிருக்கேன் பாரு!" என்றாள். சத்தியமாகச் சொல்கிறேன், அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். சால்வையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

இப்போது அவள் ஸ்ரீசிட்டி பக்கம் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். சேரும்போதே இங்கே நடந்ததை அவளாகவே சொல்லிவிட்டுத்தான் சேர்ந்தாளாம். சொல்லியிருப்பாள், எனக்குச் சந்தேகமே இல்லை. செல்வி இன்னும் என் பக்கத்து சீட்டில்தான். அவள் நைனா இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார்.

ஆனால் எனக்கு அந்தச் சாயங்காலம் படிக்கட்டில் நடந்ததுதான் மறக்கவில்லை. அக்கா பாதி இறங்கியிருந்தாள். செல்வி செருப்புக்கூடப் போடாமல் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்காக ஏன்க்கா உன் வேலைய உட்ட? உனக்கும் ஊடு வாசல் இல்லியா?" என்று கதறினாள். நானும் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தேன்.

அக்கா கையை உருவிக்கொண்டாள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அவளை ஒரு பார்வை பார்த்தாள்.

"உனக்காகன்னு எவ சொன்னா? பூட்ட தெறந்தது நானு. அதான் போறேன். உனக்காகன்னா கொஞ்சம் யோசிச்சிருப்பேன்."

செல்வி அழுகைக்கு நடுவிலேயே சிரித்துவிட்டாள். அக்கா ஸ்கூட்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனாள். எனக்குத்தான் அழுகை நிற்கவில்லை.